மூன்றாவது மடு

எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினவள் நான். மூன்று பேர் நான் பெற்றது, இரண்டு பேர் என் தம்பிகள். ஐந்து பேரும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறார்கள், ஒருவரும் இன்னொருவர் வாசலில் போய் நிற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப் போவதில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு அதிகம் கிடையாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயரைப் படிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி திவ்யா எழுதுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரேலியாவிலிருந்து என் சின்ன மகள் போனில் வீடியோப் படம் அனுப்பியிருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் இரண்டு பிள்ளைகளும், கார் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டிப் போனார்களாம். மனுஷ நடமாட்டமே இல்லாத மூலையில், அரசாங்கம் காவல் வைத்துக் காப்பாற்றுகிற காடு. காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை. பூமி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஏணியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிளவுக்குள் இறங்குகிறார்கள். உள்ளே இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் அருவி கொட்டுகிறது, அதற்கு அடியில் பச்சைக் கண்ணாடி மாதிரித் தண்ணீர் தேங்கி நிற்கிறது. என் மகள் அதில் நீந்திக்கொண்டே, "அம்மா, இங்க பாரும்மா, எவ்ளோ ஆழம் பாரு!" என்கிறாள்.

உடனே போன் போடச் சொன்னேன். அவள் எடுத்ததும் நான் கேட்டது இதுதான்: "எல்லாரும் மேல வந்துட்டீங்களா? எண்ணிப் பாத்தியா?"

"நாலே நாலு பேரும்மா. எண்ண இன்னா கீது?" என்று சிரித்தாள். வெளிநாடு போய்ப் பதினோரு வருஷம் ஆகியும் என்னோடு பேசினால் அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். "தப்பா எடுத்துக்காதம்மா, சந்தோஷப்படுவேன்னு பாத்தா அட்டெண்டன்ஸ் எடுக்கிற."

அவளுக்கு என்ன தெரியும்.

அந்தப் படத்தை அன்றைக்கு ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பேன். தண்ணீரை விட அந்தப் பாறையின் நிறம்தான் என்னை இழுத்தது. சிவப்பும் இல்லை, காவியும் இல்லை. இந்த நிறத்தை எங்கே பார்த்தோம் என்று யோசித்துக்கொண்டே இருந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பிடிபட்டது. செம்புக் கம்பி. புதுச் சுருளைப் பிரித்தால் மேலே பளபளவென்று ஒரு பூச்சு இருக்கும் பாருங்கள், அந்த நிறம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அந்தக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலைக்கு நான் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ரேடியோவுக்குள் போகிற சின்னச் சின்ன டிரான்ஸ்பார்மருக்குச் சுற்றுவோம். ஒரு காயிலுக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்று. எண்ணிக்கை தப்பினால் பிரித்து மறுபடி முதலிலிருந்து. இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் என் வாய் எண்ணிக்கொண்டுதான் ஏறும். மருமகள், "அத்தை மந்திரம் சொல்றாங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். மந்திரம் என்றால் கொஞ்சம் மரியாதையாவது கிடைக்கும்.

சுற்றின காயிலை வார்னிஷில் முக்கி அடுப்பில் காய வைப்பார்கள். அந்த வாசனை தலைமுடிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சீயக்காய் போட்டாலும் போகாது. மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்குள் நான் நுழையும்போதே என் தம்பிகளுக்குத் தெரிந்துவிடும், அக்கா வந்துவிட்டாள் என்று. அப்பா போன பிறகு அந்த இரண்டு பேருக்கும் நான்தான். அம்மாவுக்கு மூச்சிரைப்பு, உட்கார்ந்த இடத்தில் இருப்பாள். ஆகவே அந்த வாசனை வந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

என் பக்கத்து மிஷினில் லோகு. முழுப்பெயர் லோகநாயகி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருவாள். அந்த ரயில் என்றைக்கு வரும், என்றைக்கு ஆவடியில் படுத்துவிடும் என்று ஒருவருக்கும் தெரியாது. கம்பெனிக்கோ எட்டு மணி சங்கு என்றால் எட்டு மணிதான்.

இங்கே எங்கள் டோக்கன் விஷயத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொல்வது விளங்காது. ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன், அதில் நம்பர் அடித்திருக்கும். கேட்டுக்குள் ஒரு பலகை, நம்பர் வாரியாக ஆணி. காலையில் வந்ததும் நம் டோக்கனை நம் ஆணியில் மாட்ட வேண்டும். சங்கு ஊதினதும் டைம் ஆபீஸ் பலராமன் சார் வந்து பலகையைப் பூட்டுவார். ஆணி காலியாக இருந்தால் அன்றைக்கு நீ வரவில்லை. சாயங்காலம் பூட்டைத் திறப்பார், அவரவர் டோக்கனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

நான் என்ன செய்வேன் என்றால், சாயங்காலமே என்னுடையதோடு லோகுவின் டோக்கனையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வேன். காலையில் இரண்டையும் மாட்டிவிடுவேன். அவள் எட்டேகாலுக்கு மூச்சு வாங்க ஓடி வருவாள். வாட்ச்மேனும் பட்டாபிராம்காரர், அந்த நேரம் பார்த்து அவருக்குப் பீடி பற்ற வைக்கிற வேலை வந்துவிடும். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். தெரிந்துதான் செய்தோம். எங்களுக்குள் சிநேகிதம் என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால், அவளுக்கு நான் டோக்கன் போடுகிறவள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது நடந்த வருஷம், ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் செக்ஷன் பெண்கள் எல்லாரும் சேர்ந்து டூர் போனோம். அதுவரை டூர் என்றால் ஆம்பிளைகள் போவது. எங்கள் லைனுக்குத் தலைவியாக இருந்த சம்பூர்ணம் அக்காதான், "இன்னாத்துக்கு, அவங்களுக்கு மட்டும்தான் காலு கீதா?" என்று கேட்டு ஏற்பாடு செய்தாள். இரண்டு வேன். ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திர எல்லைக்குள் நாகலாபுரம் பக்கத்து மலை. அங்கே ஓடை பாறையை அறுத்துக்கொண்டு இறங்கும் பள்ளத்தாக்கு, அருவி, ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று மடு. பலராமன் சாருக்குத் தெலுங்கு தெரியும் என்பதால் அவரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டோம். பாவம் மனுஷன், முப்பத்தாறு பெண்களோடு ஒற்றை ஆளாக வந்தார்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், வேர்க்கடலை. எனக்கு வண்டி ஏறினால் வாந்தி வரும் என்று டிரைவர் பக்கத்து ஜன்னல் சீட்டை எனக்கே ஒதுக்கி, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் திணித்துவிட்டார்கள். மகாராணி மாதிரி முகர்ந்துகொண்டே போனேன்.

மலையடியில் சின்னத் தெலுங்குக் கிராமம். அதோடு ரோடு முடிந்துவிடும். வேனிலிருந்து இறங்கினதும் சம்பூர்ணம் அக்கா ஒரு துணிப்பையை விரித்துப் பிடித்தாள். முன்கூட்டியே எல்லாரையும் டோக்கன் கொண்டு வரச் சொல்லியிருந்தாள்.

"தோ பாருங்கடி. மேல போறவ டோக்கன பையில போட்டுட்டுப் போ. கீழ வந்தவ உன்னுத எடுத்துகினு வண்டில ஏறு. பை காலியானாத்தான் வண்டி கெளம்பும். இன்னா?"

பலராமன் சாரே அசந்துபோனார். "நம்ம முறையே நல்ல முறைதான்" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் நடந்தால் முதல் மடு. முழங்கால் அளவு தண்ணீர். உருண்டைக் கல், காலைக் கடிக்கிற குட்டி மீன். பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். பலராமன் சார் எங்களுக்கு முதுகைக் காட்டி ஒரு பாறையில் உட்கார்ந்து, பேப்பரை விரித்துவிட்டார். இன்னும் மேலே ஏறினால் இரண்டாவது. மார் அளவு. அருவி தோளில் விழும், யாரோ கோபமாக அடிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் விலகத் தோன்றாது. அங்கே எங்கள் ஆட்கள் போட்ட கூச்சலில் மலைக்கே காது அடைத்திருக்கும். வீட்டில் வாய் திறக்காதவள் எல்லாம் அன்றைக்குக் கத்தினாள். எதற்குக் கத்துகிறோம் என்று கிடையாது. கத்தினால் மலை திருப்பிக் கத்தியது, அதற்காகவே கத்தினோம்.

மூன்றாவது மடுவுக்கு நானும் லோகுவும் மட்டும் போனோம். யாரோ கட்டிவிட்டிருந்த கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். "தபாரு, நான் மேலேர்ந்து உழுந்தா நீ கீழ புடிச்சிக்கோ" என்பாள், ஏறிக்கொண்டே சிரிப்பாள், எனக்கு உயிர் போகும். மேலே போய் நிமிர்ந்து பார்த்தோம். பாறைச் சுவர் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. மேலே ஒரு ரிப்பன் அகலத்துக்கு வானம். அடியில் கரும்பச்சைத் தண்ணீர், ஆடாமல் அசையாமல். உள்ளே வெயில் ஒரே இடத்தில் விழுந்து, அடியில் இருக்கிற கல் வரைக்கும் இறங்கியிருந்தது. என்ன வாசனை என்று கேட்டால், மழை பெய்து ஓய்ந்த கல்லின் வாசனை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் மூக்கில் வார்னிஷ் இல்லை.

லோகு புடவையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சின்ன வயதில் அவளுடைய அப்பா கூலிக்குப் போன நிலத்துக் கிணறுகளில் கற்றுக்கொண்டதாம். மிஷினில் குனிந்து உட்கார்ந்திருக்கிற லோகு வேறு, இவள் வேறு. கையை நீட்டி ஒரு இழு இழுத்தால் தண்ணீர் தானாக வழி விட்டது. மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு மிதந்தாள். நான் பாறையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாசம் அவளுக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு வேலூருக்கு அந்தப் பக்கம். பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"இதான்டி கடைசி. இனிமே எனுக்குத் தண்ணின்னா கொடத்துல கீறதுதான்" என்றாள் லோகு, மிதந்தபடியே.

கீழேயிருந்து சம்பூர்ணம் அக்காவின் விசில் கேட்டது. கிளம்பலாம் என்று எழுந்தேன்.

"நீ போ. என் டோக்கனயும் எடுத்து வெச்சிக்கோ. இன்னும் ரெண்டு சுத்து சுத்திட்டுப் பின்னாலயே வரேன். எந்த வண்டி கெடைக்கிதோ அதுல ஏறிக்கிறேன்" என்றாள்.

சொன்ன மாதிரியே செய்தேன். பைக்குள் கை விட்டு என்னுடையதை எடுத்தேன், அவளுடையதை எடுத்தேன், இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டேன். தினமும் சாயங்காலம் செய்கிற வேலை. கை தானாகச் செய்தது, புத்தியைக் கேட்கவில்லை. போய் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினாள். "பை காலி! போலாம் ரைட்!" நான் அதற்குள் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

ஊத்துக்கோட்டையில் டீக்கு நிறுத்தினார்கள். லோகுவிடம் டோக்கனைக் கொடுக்கலாம் என்று இரண்டாவது வேனுக்குப் போனேன். உள்ளே பார்த்தேன். பின்சீட்டிலும் பார்த்தேன்.

"லோகு எங்கடி?"

"உன்கூட தானே வந்தா?" என்றாள் ஒருத்தி, வேர்க்கடலை மென்றுகொண்டே.

அப்போது யாரோ என் கையில் டீ டம்ளரை வைத்தார்கள். திரும்பினால் பலராமன் சார். "சர்க்கரை போதுமாம்மா?" என்று கேட்டார்.

இப்போது நன்றாகக் கவனியுங்கள், இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். லோகு மேலே இருக்கிறாள் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான். சொன்னால், பை எப்படிக் காலியானது என்று கேட்பார்கள். அவள் டோக்கன் என் முந்தானையில் இருப்பதைக் காட்ட வேண்டும். கேட்கிறவர் டைம் ஆபீஸ். இன்றைக்கு ஒரு நாள்தான் சார் என்றால் நம்புவதற்கு அவர் என்ன குழந்தையா? எனக்கு வேலை போனால் வீட்டில் இரண்டு பையன்கள், மூச்சிரைக்கிற அம்மா. நான் அந்த டீயைக் குடித்தேன். சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடித்தேன். ஒரு வேளை நடந்து வந்துவிடுவாள், ஒரு வேளை பஸ் கிடைக்கும், ஒரு வேளை அந்தக் கிராமத்தில் யாராவது, என்று வாய்க்கு ஒரு வேளையாகக் குடித்தேன். கடைசி மடக்கு வரைக்கும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கடைப் பலகை மேல் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் முடிச்சை அவிழ்த்தேன்.

"சார். லோகு மேலயே கீறா."

உள்ளங்கையில் இரண்டு டோக்கன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலி டம்ளரையும் பார்த்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ரயிலு லேட்டா வர்ற நாளெல்லாம் சார்."

"மொதல்ல வண்டியில ஏறு" என்றார்.

மற்ற எல்லாரையும் ஒரே வேனில் நெருக்கி ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றில் அக்காவும் அவரும் நானும் திரும்பினோம். அக்கா வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். "அடிப்பாவி, பைய உதறிக் காட்னேனேடி, அப்பயாச்சும் வாயத் தொறந்தியா?" திட்டு நின்றபோதுதான் எனக்குப் பயம் அதிகமானது. முக்கால் மணி நேரம். போய்ச் சேரும்போது வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. ஆடு ஓட்டி வந்த ஒரு அம்மாவிடம் சார் தெலுங்கில் கேட்டார். மேலே ஏதோ சத்தம் கேட்டது, பேய் என்று நினைத்து ஓடி வந்துவிட்டேன் என்று சொன்னாளாம்.

அந்தப் பாதையில் நான் ஓடின ஓட்டம் இருக்கிறதே! எத்தனை தடவை விழுந்தேன் என்று அன்றைக்கு மட்டும் எண்ணவில்லை. முதல் மடுவுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கயிற்றில் இறங்கும்போது வழுக்கி விழுந்து கணுக்கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. அங்கிருந்து உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து வந்திருக்கிறாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து கிடந்தது. குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

என்னைக் கட்டிக்கொண்டாள். "கத்திக் கத்தித் தொண்டயே பூட்ச்சிடி. ஆனா நீ வருவேன்னு தெரியும். வண்டி கெளம்பி, நான் இல்லன்னு தெரிஞ்ச ஒடனே திருப்பச் சொல்லிக்கீற, இல்ல?"

நான், "ஆமா" என்றேன்.

பின்னால் பலராமன் சார் நின்றுகொண்டிருந்தார். அந்த டீயை வாங்கிக் கொடுத்தவர். அவர் காதில் விழுந்தது. குனிந்து, லோகுவின் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். சார் பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருத்தியும் மாட்டுவதைப் பார்த்தார். நான் மாட்டும்போது பார்வையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். டோக்கன் விஷயத்தை ஆபீசில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வேலையில்தான் மேற்கொண்டு இருபத்தேழு வருஷம் இருந்தேன், ஐந்து பேரை வளர்த்தேன்.

லோகு திரும்ப வேலைக்கு வரவில்லை. கால் ஆறுவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. பட்டாபிராமில் பந்தல். அவள் என்னைக் கையைப் பிடித்து மணவறைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போய், வந்தவர்களிடமெல்லாம், "இவதான் எனுக்கு உசுரு குடுத்தவ. ஓடுற வண்டிய நிறுத்துனவ" என்று சொன்னாள். அவளுடைய மாமியார் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். முதல் பந்தியில் எனக்குத் தனியாக இலை போட்டார்கள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். அந்தப் பெருமையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த தடவை பார்க்கும்போது சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன். அவளுக்கும் எழுத வராது, எனக்கும் வராது. பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஒரு தடவை அவள் அண்ணன் ரயிலில் பார்த்துச் சொன்னான். பிறகு அவர்கள் வீட்டை விற்றுக்கொண்டு போய்விட்டார்கள். நான் இரண்டு முறை தேடிப் போனேன். கடைசியாகப் போனது என் சின்ன மகள் கல்யாணப் பத்திரிகையோடு. அவர்கள் வீடு இருந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு நின்றது. வாசலில் ஒரு பையன், "எந்த பிளாட் ஆன்ட்டி?" என்று கேட்டான். பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் கம்பெனியும் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் போகிறார்கள், வருகிறார்கள். எட்டு மணிச் சங்கு நின்றுபோய் எத்தனையோ வருஷம். சம்பூர்ணம் அக்கா போய்விட்டாள். பலராமன் சார் போனபோது நான் போய் மாலை போட்டேன். நான் குடித்த டீயைப் பற்றித் தெரிந்திருந்த ஒரே மனுஷன் அவர்தான். பாடைக்குப் பக்கத்தில் நிற்கும்போது, இனிமேல் அது யாருக்கும் தெரியாது என்று ஒரு நிம்மதி வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது அதுவே பாரமாகிவிட்டது. அந்த மலையில் அந்த மடு இருக்கத்தான் இருக்கும், தண்ணீர் எங்கே போகப் போகிறது. ஆனால் அதில் மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டு மிதந்தவளை, இது கடைசி என்று தெரிந்துகொண்டே மிதந்தவளை, நான் மட்டும்தான் பார்த்தேன். அவள் இருக்கிறாளோ இல்லையோ. இருந்தால், நான் வண்டியை உடனே திருப்பச் சொன்னேன் என்று தன் பேரப்பிள்ளைகளிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பாள். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போதும் திவ்யா, பேனாவ வெய்யி. மொதல்லேர்ந்து படிச்சிக் காட்டு கண்ணு. எங்கனா உங்க ஆயாவ நல்லவளா காட்டிகினு கீறேன்னு தோணுச்சின்னா, அங்கயே நிறுத்து. அத நான் மாத்திச் சொல்றேன்.